கோலமும் கணிப்பொறி நிரலும்: தொடக்கநிலை மாணவர்க்கு ஒரு கல்வி வழி

தலைநகர் டில்லியில் அமைந்துள்ள கரோல் பாக், அஜ்மல்கான் சாலையின் துணிக்கடைகளுக்கும் கஃபார் மார்க்கெட்டின் கைப்பேசிப் பழுதுபார்ப்போருக்கும் பெயர் பெற்றது. மத்திய அரசுப் பணியின் பொருட்டுத் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியும் இதுவே. இதன் எல்லையில் உள்ள பூசா சாலையில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இயங்கி வருகிறது. மார்கழித் திங்களில் மூடுபனி விலகாத காலைப் பொழுதில் இப்பகுதியின் சில வாயில்களில் அரிசி மாக்கோலத்தைக் காணலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாயிற்படிக்கு முன் இரண்டு சதுர அடி இடமே உள்ளது. ஆதலின் பல வீடுகளில் கடையில் வாங்கிய ஒட்டுத்தாள் கோலமே நிலைத்துவிட்டது. பாட்டி அறிந்த கோலத்தைப் பேத்தி அறியாத நிலை இவ்வாறே உருவாகிறது.

இதே குழந்தைகள் பள்ளியில் கணிப்பொறி நிரலாக்கம் பயில்கின்றனர். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கம் சார்ந்த செயற்பாடுகளைப் புகுத்த வேண்டுமெனக் கூறுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2021-22 கல்வியாண்டு முதல் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கு 12 மணி நேர அளவுள்ள திறன் பாடங்களுள் ஒன்றாக நிரலாக்கத்தையும் சேர்த்தது. கொள்கை அளவில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த 12 மணி நேரத்தில் மாணவர் எதைச் செய்யக் கற்கிறார் என்பதே உண்மையான வினாவாகும். உள்ளீட்டுக் கருவிகளின் பெயர்களையும் கட்டளைச் சொற்களின் விளக்கங்களையும் மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் நமது வகுப்பறைகளில் இன்னும் நீங்கவில்லை. நிரல் என்பது பிறர் எழுதியதைப் படியெடுக்கும் பொருள் என்று எண்ணியே பல மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறுகின்றனர்.

இவ்விரு நிலைமைகளும் தொடர்பற்றவை போலத் தோன்றலாம். ஆனால் கோலம் என்பதே ஒருவகை நிரல் என்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டின் அறிஞர்கள் சிலர் உலகுக்குக் காட்டியுள்ளனர். தொடக்கநிலை மாணவர்க்கு நிரலின் வழியே ஓவியம் வரையக் கற்பிக்கும் முறைகள் பல நாடுகளில் வளர்ந்துள்ள இக்காலத்தில், அந்த ஆய்வினை வகுப்பறையின் நோக்கில் மீண்டும் எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

தாம்பரத்தில் நிகழ்ந்த ஆய்வு

சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932-1988). சிந்துவெளி எழுத்து, தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், பறவைகள் எனப் பல துறைகளில் ஈடுபாடு கொண்டவர். அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். முறைசார் மொழிகள் எனப்படும் துறையில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒருவர். இவர்களும், பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய கமலா கிருத்திவாசனும் இணைந்து 1974இல் அணி இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றிய கட்டுரை ஒன்றைக் கணிப்பொறி வரைவியல் குறித்த பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர்.

அக்கட்டுரையின் கருத்தை எளிமையாக இவ்வாறு விளக்கலாம். அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1950களில், ஒரு மொழியின் எண்ணிறந்த வாக்கியங்களைச் சில விதிகளிலிருந்து தோற்றுவிக்க இயலும் என்று காட்டினார். ஒரு குறியை எடுத்து, அதற்குப் பதிலாக வேறு சில குறிகளை வைத்துக்கொண்டே செல்வதுதான் அம்முறை. சொற்கள் ஒரே வரியில் அமைகின்றன. ஓவியமோ நீளமும் அகலமும் உடையது. எனவே குறிகளை வரிசைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கி வளர்க்கும் விதிகளைத் தாம்பரத்து அறிஞர்கள் வகுத்தனர். அவ்விதிகளுக்கு ஏற்ற எடுத்துக்காட்டைத் தேடியபோது வாசற்கோலங்கள் மிகப் பொருத்தமாக அமைந்தன. சில கோலங்கள் குறிப்பிட்ட அளவுக்குமேல் வளராதவை. வேறு சில, அதே விதியைத் திரும்பத் திரும்பக் கையாள்வதன் மூலம் எவ்வளவு வேண்டுமாயினும் விரிவடையக் கூடியவை. கோலங்களை அவற்றைத் தோற்றுவிக்கும் விதிகளின் ஆற்றலுக்கேற்ப வகைப்படுத்த முடிந்தது.

இங்கு மற்றொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். கிஃப்ட் சிரோமணி, கோலமிடும் பெண்கள் சிக்கலான வடிவங்களை எவ்வாறு நினைவில் கொண்டுள்ளனர் என்பதையும் ஆராய்ந்தார். முழுப் படத்தையும் மனத்தில் பதித்துக்கொள்வதைவிட, கையின் சில அடிப்படை அசைவுகளின் தொடர்ச்சியாகவே ஒரு கோலத்தைக் குறித்துவிட முடியும் என்பது இவ்வாய்வுகளிலிருந்து விளங்கிற்று. நேரே செல், புள்ளியைச் சுற்றித் திரும்பு, மீண்டும் நேரே செல் என்னும் வகையிலான அசைவுகள் அவை. எழுதப் படிக்க அறியாத ஒரு மூதாட்டியும், நிரலாளர் தாளில் எழுதும் அதே வகைக் கட்டளைத் தொடரை விரல்நுனியில் வைத்திருந்தார் என்பது இதன் பொருள். அவருடைய அறிவைக் கல்வித்துறை அறிவாகக் கருதாமல் இருந்தது கல்வித்துறைக்கு நேர்ந்த இழப்பே.

தரையில் ஊர்ந்த ஆமை

தாம்பரத்தில் இவ்வாய்வு நடைபெற்ற காலத்திற்குச் சற்று முன்னர், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் குழந்தைகளுக்கென ஒரு கணிப்பொறி மொழி உருவாயிற்று. 1967இல் வாலஸ் ஃபியூர்சைக், செய்மர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் அமைத்த அம்மொழியின் பெயர் லோகோ. கட்டளைக்கேற்பத் தரையில் ஊர்ந்து, தன்னிடமுள்ள எழுதுகோலால் கோடிட்டுச் செல்லும் சிறு இயந்திரம் அதனுடன் இணைக்கப்பட்டது. அதற்கு ‘ஆமை’ என்று பெயரிட்டனர். பின்னர் ஆமை திரையில் ஒரு சிறு முக்கோணமாக மாறியது. குழந்தை தன்னையே ஆமையாகக் கருதி நடந்து பார்த்து, பின்பு கட்டளையிட வேண்டும் என்பது பாப்பர்ட்டின் கொள்கை. ‘முன் 100, வலம் 90’ என்பதை நான்கு முறை கூறினால் சதுரம் கிடைக்கும். ஆமையின் மொழியும், சிரோமணி கண்ட கோலத்தின் கையசைவுகளும் ஏறத்தாழ ஒன்றே.

இவ்விரு நீரோட்டங்களும் 1980களில் கலந்தன. தாவர வளர்ச்சியை விளக்குவதற்காக உயிரியலார் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்த விதிமுறையை, கனடாவில் பணியாற்றிய கணிப்பொறி அறிஞர் புருசின்கீவிச் ஆமையின் நடையுடன் இணைத்தார். அம்முறையால் வரைந்து காட்டிய வடிவங்களில் கோலங்களும் இடம்பெற்றன. கண்ணனின் காற்சிலம்பைக் குறிக்கும் பெயருடைய ஒரு கோலம் அவற்றுள் புகழ்பெற்றது. அதன் விதி ஒரே வரியில் அடங்குவது. தொடக்கத்தில் ஒரு குறி இருமுறை வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அக்குறி ஒவ்வொன்றும் நான்கு குறிகளாகப் பெருகுகிறது. இரண்டு எட்டாகி, எட்டு 32 ஆகி, 32 அடுத்த சுற்றில் 128 ஆகிறது. விதி மாறவில்லை, சிலம்பு மட்டும் விரிந்துகொண்டே போகிறது. தன்னையே அழைத்துக்கொள்ளும் நிரல் என்னும் கருத்து, உயர் வகுப்பு மாணவர்களையும் மயங்கவைப்பது. அதனைப் படத்தில் கண்டவருக்கு அம்மயக்கம் பெரிதும் நீங்குகிறது.

ஓவியத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்டு கணிப்பொறியை அணுகியவர்களின் வரலாறும் நீண்டது. 1965இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கேயார்க் நீஸின் கணிப்பொறி வரைபடங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பாரிசில் வாழ்ந்த ஹங்கேரிய ஓவியர் வேரா மோல்னார், கணிப்பொறி கையில் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தாமே ஓர் இயந்திரம் என்று கற்பனை செய்துகொண்டு விதிகளை எழுதி அவற்றின்படி கையால் வரைந்தார். 1968இல் உண்மையான கணிப்பொறியை அணுகியபோது அவர் அறிய வேண்டியிருந்தது மொழி ஒன்றே. முறையை முன்பே அறிந்திருந்தார். 2001இல் கேசி ரியாஸ், பென் ஃபிரை ஆகிய இருவர் கலை மாணவர்க்கென ‘பிராசஸிங்’ என்னும் கட்டணமற்ற நிரல்மொழியை வெளியிட்டனர். 2007இல் வெளியான ‘ஸ்கிராட்ச்’ கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கச் செய்கிறது. கருவி இல்லை என்னும் குறை இன்று பெரிதாக இல்லை.

வகுப்பறையில் முதற் பாடம்

கரோல் பாக்கில் உள்ளது போன்ற ஒரு பள்ளியின் 6ஆம் வகுப்பில் இப்பாடம் எவ்வாறு அமையலாம்? முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கணிப்பொறி தேவையில்லை. கோலத்தை ஒருவர் மற்றொருவருக்குக் கூறும் வாய்மொழியிலிருந்தே தொடங்கலாம். ‘11 புள்ளி, இடைப்புள்ளி, 6 வரை’ என்று ஒரு பெண்மணி கூறுகிறார். கேட்பவர் உடனே நடுவில் 11 புள்ளிகளையும், அதன் மேலும் கீழும் 10, 9, 8, 7, 6 எனக் குறையும் வரிசைகளையும், முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வைக்கிறார். சில சொற்களில் 91 புள்ளிகள் தம் இடத்தை அறிந்துகொள்கின்றன. நேர்ப்புள்ளியில் ‘1 முதல் 7’ என்றால் 1, 3, 5, 7, 5, 3, 1 என 25 புள்ளிகள் வரும். ஒரு தொடக்க எண், ஒரு முடிவு எண், எண் மாறும் முறை ஆகிய மூன்றும் இச்சொற்களில் உள்ளன. நிரலாக்க நூல்கள் மடக்கு என்று கூறும் கருத்து இதுவே. வரிசைகளுக்கு ஒரு மடக்கு, ஒவ்வொரு வரிசையிலும் உள்ள புள்ளிகளுக்கு மற்றொரு மடக்கு என, மடக்கினுள் மடக்கையும் மாணவர் முதல் நாளிலேயே சந்திக்கிறார்.

அடுத்து ஆமையின் பாடம். ஒரு மாணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க, மற்றவர் கட்டளையிட, சுண்ணக்கட்டியால் தரையில் கோடு விழும். பின்னர் அதே கட்டளைகளைத் திரையில் இடலாம். இங்குப் பிழைகள் நேரும், நேர வேண்டும். சதுரம் வரைய முயன்ற மாணவர் 90 பாகைக்குப் பதிலாக 80 பாகை என்று இட்டுவிட்டதாகக் கொள்வோம். நான்கு கோடுகளுக்குப் பிறகும் வடிவம் மூடவில்லை. ஆசிரியர் உடனே திருத்திவிடாமல், ‘இன்னும் சில முறை திரும்பச் செய்து பார்’ என்று கூறினால் போதும். ஒன்பதாவது கோட்டில் வடிவம் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். ஒன்பது முனை விண்மீன் ஒன்று திரையில் இருக்கும். 80ஐ 9 முறை கூட்டினால் 720, அதாவது இரண்டு முழுச் சுற்று. ஏன் ஒன்பது என்று கேட்கும் மாணவருக்கு விடை அவர் கண்முன்னே உள்ளது. 144 பாகை இட்டால் என்ன வரும் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்ல முயல்வார். ஐந்து முனை விண்மீன் வரும். கணக்குத் தேர்வில் தவறு என்றால் மதிப்பெண் குறையும். இங்குத் தவறு எதைக் காட்டுகிறது என்று பார்ப்பதற்கு இடமுண்டு.

சிக்குக் கோலத்தில் இதனினும் வியப்பான ஒரு கணக்கு மறைந்துள்ளது. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளையும் கோடுகள், அடுத்தடுத்துள்ள எந்த இரு புள்ளிகளுக்கும் இடையில் ஒருமுறை குறுக்கிட்டுச் செல்லுமாறு வரைவதாகக் கொள்வோம். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முழுக்கோலமும் முடியுமா? 3 வரிசை, 4 புள்ளி என்றால் முடியும். 4 வரிசை, 6 புள்ளி என்றால் இரண்டு தனித்தனிக் கோடுகள் தேவைப்படும். 5 வரிசை, 5 புள்ளி என்றால் ஐந்து கோடுகள். வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உரிய மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அதுவே கோடுகளின் எண்ணிக்கை. ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்கள் மணலில் வரையும் ஓவியங்களிலும் இதே விதி செயற்படுவதை மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பாலஸ் கெர்டஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். மீ.பொ.வ. என்பது தேர்வுக்காக மட்டும் உள்ள ஒரு கணக்கு என்று எண்ணியிருந்த மாணவர், வண்ணங்களை மாற்றி இக்கோடுகளைத் திரையில் எண்ணும்போது அதன் பயனை நேரில் காண்கிறார். வகுப்பில் ஒரு முழு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம், அது வீணாகாது.

கோலம் எல்லோருக்கும் உரியதா என்னும் ஐயம் எழலாம். கரோல் பாக்கில் தமிழர் மட்டும் வாழவில்லை. 1947இல் நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்கள் இப்பகுதியில் பெரும் எண்ணிக்கையில் குடியேறின. அவர்களின் பூல்காரித் துணியை எடுத்துக்கொள்ளலாம். படம் எதையும் துணியில் வரைந்துகொள்ளாமல், துணியின் பின்புறமிருந்து இழைகளை எண்ணி எண்ணித் தையலிடுவதே அதன் மரபு முறை. முன்புறம் தோன்றும் பூவைத் தைப்பவர் எண்களாகவே அறிந்திருக்கிறார். வங்காளத்தின் ஆல்பனா, குமாவூன் மலைப்பகுதியின் ஐபன், இராஜஸ்தானத்தின் மாண்டணா ஆகியவையும் தரையிலும் சுவரிலும் வீட்டுப் பெண்கள் வளர்த்த கலைகள். வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டிலிருந்து ஒரு வடிவத்தைக் கொண்டுவந்து, அதன் விதியைக் கண்டுபிடித்துக் கூறுமாறு அமைத்தல் நலம். பெண் குழந்தைகளுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. நிரலாக்கம் ஆண்களின் துறை என்னும் எண்ணம் வேரூன்றுவதற்குமுன், அதன் அடிப்படையைத் தன் தாயும் பாட்டியும் அறிந்திருந்தனர் என்று அவர்கள் காண்கின்றனர்.

நிருவாகம் கவனிக்க வேண்டியவை

பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியை அரசு மேற்கொள்வது இது முதன்முறையன்று. 1984-85இல் மத்திய மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின்கீழ் முதற்கட்டமாக 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வழங்கின. அவற்றின் பேசிக் மொழியில் கோடும் வடிவமும் வரைவதற்குரிய கட்டளைகள் இருந்தன. எனினும் இயந்திரத்தை அனுப்புவதும், அதனைக் கொண்டு கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவதும் இருவேறு பணிகள். முதலாவதற்கு ஒதுக்கீடு எளிதில் கிடைக்கிறது. பொருள் கண்ணுக்குத் தெரிவதால் தணிக்கைக்கும் எளிது. இரண்டாவது எப்போதும் பின்தங்குகிறது.

2024-25ஆம் ஆண்டிற்கான ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் முறையின் அறிக்கைப்படி, நாட்டின் பள்ளிகளில் 64.7 விழுக்காட்டில் கணிப்பொறி வசதியும் 63.5 விழுக்காட்டில் இணைய வசதியும் இருந்தன. முந்தைய ஆண்டில் இவை முறையே 57.2, 53.9 விழுக்காடாக இருந்தமை நோக்க, முன்னேற்றம் விரைவானதே. ஆயினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பள்ளியில் கணிப்பொறி இல்லை. அப்பள்ளிகள் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இம்முறையின் பொருளாதாரச் சிறப்பு. புள்ளி வைத்தல், கட்டளையிட்டு நடத்தல், விதியை எழுதுதல், பிழை காணுதல் ஆகிய அனைத்தையும் தரையிலும் கட்டமிட்ட தாளிலும் செய்து முடிக்கலாம்.

தேர்வு முறையையும் இதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருக்கும். ‘மடக்கு என்றால் என்ன?’ என்னும் வினாவுக்கு மனப்பாடம் செய்தவரும் விடை எழுதிவிடுவார். ஒரு சிறிய நிரலைக் கொடுத்து, அதில் ஓர் எண்ணை மாற்றினால் படம் எவ்வாறு மாறும் என்று வரைந்து காட்டச் சொன்னால், புரிந்துகொண்டவர் மட்டுமே விடையளிக்க இயலும். இருவரின் ஓவியங்கள் வேறுபட்டிருக்கும்போது இரண்டிற்கும் முழு மதிப்பெண் வழங்கும் துணிவும் ஆசிரியருக்குத் தேவை. மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலர் அத்துணிவை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். சுற்றறிக்கையில் இதனைத் தெளிவாகக் குறிப்பிட்டாலன்றி, பெரும்பாலான ஆசிரியர் பழைய வினாத்தாளுக்கே திரும்புவர். அவர்களைக் குறைகூறவும் இயலாது.

ஆசிரியர் பயிற்சியில் கணிப்பொறி, கணிதம், ஓவியம் ஆகிய மூன்று பாடங்களின் ஆசிரியரும் ஒரே அறையில் அமர்வது நல்லது. ஓவிய ஆசிரியர் பெரும்பாலும் இத்தகைய பயிற்சிகளுக்கு அழைக்கப்படுவதில்லை. வடிவம் நன்றாக அமைந்துள்ளதா, வெற்றிடம் மிகுந்துவிட்டதா என்று கூறக்கூடியவர் அவரே. நிரல் சரியாக இயங்கி, படம் பார்க்கத் தகாததாக இருப்பதும் உண்டு. கணிப்பொறி அதனைச் சுட்டிக்காட்டாது.

வீட்டுப்பாடம் ஒன்றையும் இங்குக் கூறலாம். கரோல் பாக்கில் உள்ள ஒரு மாணவி, கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ உள்ள தன் பாட்டியிடம் தொலைபேசியில் ஒரு கோலத்தைச் சொல்லச் சொல்லி, படத்தைப் பாராமல், கேட்ட சொற்களைக் கொண்டு மட்டும் தாளில் வரைய வேண்டும். தன் ஐயங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். புள்ளிகள் தடையின்றி வந்துவிடும். பிறகு பாட்டி, ‘அப்படியே வளைச்சு இந்தப் பக்கம் கொண்டு வா’ என்பார். எந்தப் பக்கம், எந்தப் புள்ளியிலிருந்து, எவ்வளவு வளைவு என்று பேத்தி கேட்க நேரிடும். அக்கேள்விகளின் பட்டியலே மறுநாள் வகுப்பில் அவள் எழுதத் தொடங்கும் நிரலின் முதற்படி.